பாறை எங்கே வெட்டுப்பட்டது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய கண்டங்களின் ஓரங்களில் இருக்கும் வெட்டு மண்டலங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் முதுகலை நிலவியல் மாணவி. வெட்டு மண்டலம் என்றால் நிலம் வெட்டுப்பட்டு உடைந்த இடம்தானே? அது கண்டத்தின் பழைய எல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அங்கே நிலநடுக்கம் வருமா? தமிழில் இதற்கு நல்ல நூல் உண்டா?

ர.

அன்புள்ள ர.,

நூலை நீங்கள்தான் எழுதவேண்டும். நிலநடுக்கம், மண்டலம் பழையது என்பதாலேயே வந்துவிடாது. இன்றைய அழுத்தம் அதைத் தட்டியெழுப்பினால் வரும். அது போகட்டும். ‘வெட்டுப்பட்டு உடைந்த’ என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் மேல் பாதி, அந்த மொழிபெயர்ப்பின் மேல் பாதி.

ஆங்கிலத்தின் ‘ஷியர்’ (shear) என்ற சொல்லை வெட்டு என்று பெயர்த்துவிட்டார்கள். வெட்டு என்றதும் மனதில் கத்தி வந்து நிற்கிறது. பள்ளி இயற்பியலில் ‘சறுக்குப் பெயர்ச்சி’ என்று அருமையான சொல் இருக்கிறதே, அதை ஏன் தொலைத்தோம்? ஒரு தடித்த புத்தகத்தின் பக்கவாட்டு விளிம்பில் பேனாவால் வட்டம் வரைந்து, மேல் அட்டையைத் தள்ளிப் பாருங்கள். வட்டம் சாய்ந்து நீள்வட்டமாகும். ஒரு தாள்கூடக் கிழியாது. அதுதான் சறுக்குப் பெயர்ச்சி.

மேலே, குளிர்ந்த பாறை உடையும். அது பிளவு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்தில் கதை வேறு. சுமார் 300 டிகிரி செல்சியஸிலேயே குவார்ட்ஸ் என்ற கனிமம் இளகத் தொடங்கிவிடும். இளகும் என்றால் உருகும் என்று எழுதித் தொலைக்காதீர்கள்! திடமாக இருந்தபடியே, படிகத்துக்குள் அணுக்கள் இடம் மாறி, மெல்ல வழியும். பக்கத்திலிருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்துக்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். அதனால் அது உருண்டு கண் கண்ணாக நிற்கும், குவார்ட்ஸ் அதைச் சுற்றி ரிப்பன்போல ஓடும். அதுதான் மைலோனைட், ஆழத்து வெட்டு மண்டலத்தின் பாறை.

பெயரைப் பாருங்கள். 1885இல் ஸ்காட்லாந்தின் வடமேற்கில், மோயின் உந்துபிளவில் (ஒரு பாறைத்தொகுதி இன்னொன்றின் மேல் தள்ளப்பட்ட பிளவு அது) கிடைத்த பாறைக்கு நிலவியலாளர் சார்லஸ் லாப்வொர்த் வைத்தது. கிரேக்கத்தில் மைலோன் என்றால் மாவு அரைக்கும் ஆலை. பாறை அரைபட்டது என்று நினைத்தார். மணிகள் பொடியாகித்தான் இருந்தன, ஆனால் அரைபட்டு அல்ல, புதிதாகப் படிகமாகி. சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன், ஐயபெட்டஸ் என்ற பழங்கடல் மூடி, லாரென்ஷியா என்ற பழங்கண்டத்தின் ஓரம் நெருக்குண்டபோது நடந்தது அது. பழைய பாறை இளைய பாறையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மர்ச்சிசன் போன்ற பெரிய நிலவியலாளரே அதை ஒழுங்கான அடுக்கு என்று சாதித்துக்கொண்டிருந்த இடத்தில் உண்மையைக் கண்டவர் லாப்வொர்த். அவருக்கே ஒரு சொல் சறுக்கியிருக்கிறது. நீங்களும் நானும் எம்மாத்திரம்.

நானும் சறுக்கியவன்தான். மாணவனாக இருந்தபோது, கண்கள் நிறைந்த ஒரு மைலோனைட்டைச் சுத்தியலால் பெயர்த்து ஆசையாகக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு கண்ணிலும் மேலும் கீழும் எதிரெதிராக இழுபட்ட வால்கள். பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அவைதான் சொல்லும். “மேல்பக்கம் வலப்புறம் நகர்ந்திருக்கிறது” என்றேன். ஆசிரியர் கல்லை வாங்கித் திருப்பி, பின்முகத்தைக் காட்டினார். அங்கே இடப்புறம். “வடக்கு எது? மேல் எது? குறித்தாயா?” குறிக்கவில்லை. “அப்படியென்றால் இது வெறும் கல்” என்று கையில் திருப்பித் தந்துவிட்டார்.

ஆமாம், எல்லையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மண்டலம் இருப்பதால் மட்டும் எல்லையாகாது. இரண்டு பக்கமும் பாறைகளின் வயதும் வரலாறும் ஒத்துப்போகவில்லையா, நடுவில் பழைய கடல்தளத்தின் துண்டுகள் சிக்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். விரிவாக இன்னொரு நாள் எழுதுகிறேன்.

களத்துக்குப் போகும்போது, சுத்தியலைத் தூக்குவதற்கு முன் மார்க்கரை எடுங்கள், அம்மா. அந்தக் கல் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தை அச்செடுத்து அதன் அடியில்தான் வைத்திருக்கிறேன்.