பூட்டியிருக்கா, சும்மா சாத்தியிருக்கா?

கேள்வி: தோ பாயோவில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. பழைய டாட்நெட் (மைக்ரோசாஃப்டின் புரோகிராம் தளம்) புரோகிராம் ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. கான்ஃபிக் ஃபைலை (புரோகிராமின் செட்டிங்ஸ் இருக்கும் ஃபைல்) என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டுத்தான் போனேன் என்கிறார் முன்பு பார்த்தவர். ஆனால் கனெக்‌ஷன் ஸ்டிரிங்கை, அதாவது டேட்டாபேஸோடு இணைக்கும் வரியை, பிரிண்ட் செய்தால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு பல்லிளிக்கிறது. புளுகுகிறாரா?

பதில்: அவசரப்பட்டு அவரைத் திட்டிவிடாதீர்கள். டாட்நெட் ஃபிரேம்வொர்க் படிக்கும்போதே பூட்டைத் திறந்துதான் உங்கள் கையில் கொடுக்கும், 2005-இல் 2.0 வந்ததிலிருந்தே அப்படித்தான். அதனால் புரோகிராம் வழியாகப் பார்த்தால் பூட்டியதும் பூட்டாததும் ஒரே மாதிரி தெரியும். சர்வரில் இருக்கும் ஃபைலையே நோட்பேடில் திறங்கள். 'கனெக்‌ஷன்ஸ்டிரிங்ஸ்' டேகில் 'கான்ஃபிக்புரொடெக்‌ஷன்புரொவைடர்' என்று ஓர் அட்ரிபியூட், உள்ளே 'சைஃபர்வேல்யூ' என்ற டேகுக்குள் தலையும் வாலும் புரியாத எழுத்துக் குவியல், இரண்டும் இருந்தால் அவர் சொன்னது நிஜம். புரோகிராமே கண்டுபிடிக்கட்டும் என்றால், கான்ஃபிகரேஷனைத் திறந்து அந்த செக்‌ஷனை எடுத்து, அதன் 'செக்‌ஷன்இன்ஃபர்மேஷன்' வழியாக 'இஸ்புரொடெக்டட்' ட்ரூவா ஃபால்ஸா என்று கேளுங்கள்.

ஆனால் அந்தப் பதில் நீங்கள் கேட்ட செக்‌ஷனுக்கு மட்டும்தான். நான் ஒருமுறை கனெக்‌ஷன் ஸ்டிரிங்குக்கு ட்ரூ வந்ததும் நிம்மதியாகக் கோப்பி குடிக்கப் போய்விட்டேன். நாலு வரி தள்ளி 'ஆப்செட்டிங்ஸ்' என்ற இன்னொரு செக்‌ஷனில் மெயில் சர்வர் பாஸ்வேர்டு துணியில்லாமல் நின்றதை மறுவாரம்தான் பார்த்தேன். அப்புறம், மதிப்பு ஒன்று = குறியில் முடிந்து புரியாமல் இருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள், அது வெறும் பேஸ்64 (எழுத்துகளை வேறு வடிவில் மாற்றி எழுதும் முறை, பூட்டு அல்ல) ஆக இருக்கலாம்; அதை யாரும் சாவியே இல்லாமல் திருப்பிப் படிக்கலாம். அதே ஃபோல்டரில் 'ஓல்டு', 'பேக்கப்' என்ற பெயரில் பழைய காப்பி கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால் பாஸ்வேர்டையே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் பயன்படுத்துவது டாட்நெட் கோர் (டாட்நெட்டில் பின்னால் வந்த வகை). அதன் கான்ஃபிக் ஃபைலான ஆப்செட்டிங்ஸ் ஜேசானுக்கும் இஸ்புரொடெக்டட் உண்டா?

பதில்: இல்லை. அது வெறும் டெக்ஸ்ட். பாஸ்வேர்டைத் தனி ஃபைலில் வைக்கும் வசதிக்கு 'யூசர் சீக்ரெட்ஸ்' என்ற பெயர் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதுவும் என்கிரிப்ட் ஆகாமல் உங்கள் யூசர் ஃபோல்டரில்தான் கிடக்கிறது. பாஸ்வேர்டு 'கிட்'டுக்கு (கோடைச் சேமித்துப் பகிரும் இடம்) போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். லைவ் சர்வருக்கு அஷூர் கீ வால்ட் (பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) மாதிரி ஒன்றுக்குப் போய்விடுங்கள்.