கொல்லைத் தொட்டியில் கிரேஃபிஷ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திலாப்பியாவையும் கங்கோங் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் அக்குவாபோனிக்ஸ் முறை பற்றி இந்தப் பகுதியில் எழுதிய பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், இறால் போலிருக்கும் கொடுக்குள்ள நன்னீர்ப் பிராணியான கிரேஃபிஷ் பற்றியவை. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்துதான் அதிகம் வந்திருக்கின்றன. தோட்டத்து லயத்தை விட்டு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தவர்கள், பின்னால் இருக்கிற கொஞ்சம் இடத்தில் ஒரு தொட்டியைக் கட்டி, மீன் சரியாக வந்ததும் அடுத்து இதில் இறங்கியிருக்கிறார்கள். எல்லாரும் வைத்திருப்பது ரெட்கிளா எனப்படும் வகை. வடக்கு ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூகினியின் தென்பகுதியும் அதன் சொந்த ஊர். நம் வெப்பம் அதற்கு நன்றாக ஒத்துப்போகும். பதில்கள் எல்லாம் அந்த வகைக்கு மட்டுமே.

அண்ணே, ஆயிரம் லிட்டர் ஐபிசி தொட்டியில் (கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி) மூன்று பெண், ஒரு ஆண் விட்டேன். வாலுக்கு அடியில் முட்டை வைத்தது, குஞ்சும் பொரித்தது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் விரல்விட்டு எண்ணலாம். தண்ணீரைச் சோதித்தேன், குறை ஒன்றுமில்லை. செத்துக் கிடந்ததையும் பார்க்கவில்லை. எங்கே போகின்றன? – ஒரு குடும்பத் தலைவி, சுங்கை சிப்புட்

தின்றுவிட்டன, அக்கா. பெரியது சின்னதைத் தின்றது, சின்னது அதைவிடச் சின்னதைத் தின்றது. செத்தது கண்ணில் படாததற்கு அதுதான் காரணம்.

ரெட்கிளாவை முட்டை வைக்கவைப்பது பெரிய வேலையே இல்லை. தண்ணீர் 26லிருந்து 30 டிகிரி, வயிற்றுக்கு உணவு, பக்கத்தில் ஓர் ஆண், இவ்வளவு இருந்தால் தானாக நடக்கும். ஒரு பெண் அதன் அளவைப் பொறுத்து 300லிருந்து 800 முட்டை வரை சுமக்கும். கடல் இறால் போல லார்வா பருவம் கிடையாது, தாயின் உருவத்திலேயே குட்டியாக வெளியே வரும். அதனால்தான் எல்லாருக்கும் ஆசை வருகிறது, 500ஐ விலையால் பெருக்கிப் பார்க்கிறார்கள். நம் வேலை முழுவதும் பொரித்த நாளுக்குப் பிறகுதான் இருக்கிறது, அதிலும் குறிப்பாகச் சட்டை உரிக்கும் நேரத்தில்.

கிரேஃபிஷ் வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். முதுகு ஓட்டுக்கும் வாலுக்கும் நடுவில் பிளந்து, பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, மீசை உட்பட முழு உடம்பையும் உருவி வெளியே எடுக்கும். வந்ததும் உடம்பு அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தொளதொளவென்று இருக்கும், கொடுக்கைத் தூக்கக்கூட வலு இருக்காது. அந்த நேரத்தில் பக்கத்தில் இன்னொன்று வந்தால் கதை முடிந்தது. குஞ்சுகள் வேகமாக வளர்வதால் அடிக்கடி உரிக்கும், எல்லாம் ஒரே நாளில் உரிப்பதும் இல்லை, ஆகவே எந்த ராத்திரியிலும் தொட்டியில் சில மென்மையாகக் கிடக்கும், சில பசியோடு சுற்றும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. முட்டை சுமக்கும் பெண் வாலை வயிற்றுக்கு அடியில் மடித்துக்கொண்டு, இடைவிடாமல் துடுப்புக் கால்களை ஆட்டிக்கொண்டிருக்கும். முட்டை முதலில் மங்கிய பச்சையாக இருக்கும், அப்புறம் பழுப்பு, கடைசியில் ஆரஞ்சாகி ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புக் கண் புள்ளி தெரியும். இந்தக் கண் தெரிந்ததும் தாயைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், அதற்கு முன் வேண்டாம், பயந்தால் முட்டையை உதறிவிடும். வலையால் தூக்காமல், அது ஒளிந்திருக்கும் குழாயோடு இரு முனையையும் கையால் மூடித் தண்ணீரோடு எடுங்கள். தனித் தொட்டியிலும் பழைய தொட்டியின் தண்ணீரையே நிரப்புங்கள். நம் வெப்பத்தில் முட்டை வைத்ததிலிருந்து பொரிக்கச் சுமார் 6 வாரம் ஆகும், பொரித்த பிறகும் குஞ்சுகள் சில நாள் தாயின் வாலுக்கு அடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அவை இறங்கி நடமாட ஆரம்பித்ததும் தாயை எடுத்துவிடுங்கள்.

அந்தத் தொட்டியில் ஒளிய இடம் வேண்டும், நீங்கள் நினைப்பதைவிடப் பல மடங்கு வேண்டும். பெரிய ஆளுக்குப் பி.வி.சி. குழாய் போதும். குஞ்சுக்கு வெங்காய மூட்டை வலைதான் சரி: சந்தையில் வெங்காயக் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், நாலைந்தைச் சேர்த்து நடுவில் கட்டி ஒரு முனையில் கல், மறுமுனையில் காலி பாட்டில் என்று தொங்கவிட்டால் தரையிலிருந்து மேல் வரை குஞ்சு தங்க இடம் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் பண்ணைக்காரர்களும் இதே வலைக் கட்டைத்தான் குளத்தில் போடுகிறார்கள். கூடவே காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையைப் போடுங்கள். அது மக்கும்போது மேலே படியும் வழவழப்பைத்தான் குஞ்சுகள் முதலில் மேயும். சில வாரத்துக்கு ஒருமுறை பெரியதையும் சின்னதையும் பிரித்து விடுங்கள். பாதி தேறினால் சந்தோஷப்படுங்கள்.

இன்னொன்று, லிட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இது நீந்தும் பிராணி இல்லை, தரையில் நடக்கும் பிராணி. உங்கள் ஐபிசி தொட்டியின் தரை ஏறக்குறைய 1.2 சதுர மீட்டர்தான், வளர்ந்தது பத்துப் பன்னிரண்டுக்கு மேல் அதில் சண்டையில்லாமல் இருக்காது.

ஆண் எது, பெண் எது? கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கியதில் நாலும் ஆணாகிவிட்டது. – கல்லூரி மாணவர், லிந்தாங்

சிவப்புத் திட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் தம்பி, அது ஆண் வளர்ந்த பிறகுதான் கொடுக்கில் வரும். சின்னதைத் திருப்பிப் பிடித்துக் காலடியைப் பாருங்கள். கொடுக்கை முதல் சோடியாக எண்ணினால், பெண்ணுக்கு மூன்றாவது சோடிக் காலின் அடியில் சிறு வட்டத் துளை இருக்கும், ஆணுக்குக் கடைசியான ஐந்தாவது சோடியின் அடியில் சிறு முளை இருக்கும். இரண்டும் சேர்ந்தே இருக்கிற சிலதும் உண்டு, அதை இனப்பெருக்கத்துக்கு வைக்க வேண்டாம்.

எங்கள் தாமானில் டிங்கி வந்து புகை அடித்தார்கள். மறுநாள் காலை மீன் எல்லாம் உயிரோடு இருக்க, கிரேஃபிஷ் மட்டும் மல்லாந்து கிடந்தது. புகையால்தானா? – லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

பெரும்பாலும் அதனால்தான். கொசுவுக்கும் கிரேஃபிஷுக்கும் உறவு நெருக்கம், இரண்டும் கணுக்காலிகள். புகையில் கலக்கும் பூச்சிமருந்து கொசுவின் நரம்பைத் தாக்குவது போலவே இதன் நரம்பையும் தாக்கும். திலாப்பியா தாங்கும் அளவே இதைக் கொன்றுவிடும். ஏர் பம்ப் வெளியே இருந்தால் இன்னும் மோசம், புகையை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதிவிடும்.

அதற்காகப் புகை அடிக்க வருபவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். டிங்கியில் ஆள் செத்திருக்கிறார்கள், அதைவிடக் கிரேஃபிஷ் பெரிதில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் பம்பை நிறுத்தி, தொட்டியையும் செடித் தட்டையும் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பால் ஓரம் வரை மூடுங்கள். புகை அடங்கும் வரை காத்திருந்து, விரிப்பின் மேல்புறம் தண்ணீரில் படாமல் எடுத்து, தூரமாகக் கொண்டுபோய்க் கழுவுங்கள். அந்தக் கொஞ்ச நேரம் காற்று இல்லாமல் ரெட்கிளா தாங்கும், குறைந்த பிராணவாயுவில் சமாளிக்கக்கூடிய பிராணி அது. பம்பை நிரந்தரமாகவே வீட்டுக்குள் வைத்து, குழாயை மட்டும் வெளியே விட்டால் நல்லது.

புழுவைக் கொல்லத் தண்ணீரில் போடும் அபேட் மருந்தும் இந்தத் தொட்டிக்கு ஆகாது. ஆனால் புழு இருக்கவும் கூடாது. 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதம் போடுவார்கள், போடவும் வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், தேங்கும் தொட்டியில் நாலைந்து கப்பி மீன் விடுங்கள், மேலே வலை போடுங்கள்.

பலர் வேப்பெண்ணெய் இயற்கையானது என்று கீரைக்குத் தெளிக்கிறார்கள். வேப்பெண்ணெய் பூச்சியைச் சட்டை உரிக்கவிடாமல் தடுத்தும் கொல்கிறது. கிரேஃபிஷும் உரிக்கிற பிராணிதான், அந்தத் தண்ணீர் அதே தொட்டிக்குத்தான் திரும்பி வரும். புழுவைக் கையால் பொறுக்குங்கள். செம்பு கலந்த பூஞ்சை மருந்து, மீனுக்குப் போடும் செம்பு மருந்து இரண்டும் அறவே கூடாது.

ஓடு மெத்தென்று இருக்கிறது, உரிக்கும்போதே செத்துப்போகின்றன. தண்ணீர்க் கட்டணத்துக்குப் பயந்து மழைத் தண்ணீரைத்தான் பிடிக்கிறேன். – ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

ஐயா, மழைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை, ஓடு எதிலிருந்து வரும்? உரிக்கும் முன் கிரேஃபிஷ் தன் ஓட்டிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பை எடுத்து இரைப்பையோரம் இரண்டு வெள்ளை வில்லையாகச் சேமிக்கும், மிச்சத்தைத் தண்ணீரிலிருந்தும் உணவிலிருந்தும்தான் எடுக்க வேண்டும். உரித்த ஓட்டை அழுக்கென்று எடுத்துப் போடாதீர்கள், அதையே தின்று கொஞ்சம் சத்தை மீட்டுக்கொள்ளும். உங்கள் கூரை புது ஜிங்க் தகடாக இருந்தால் அந்தத் தண்ணீரும் வேண்டாம், துத்தநாகம் இதற்கு விஷம்.

வாசலிலேயே மருந்து இருக்கிறது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரை சுண்ணாம்புக் குன்றுதானே. அந்தக் கல் ஜல்லியை ஒரு வலைப்பையில் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிடுங்கள், கெராங் சிப்பி ஓடும் அதே வேலையைச் செய்யும். எந்தக் கல் என்று சந்தேகமாக இருந்தால் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக்கல். ஆனால் செடிப் படுக்கை முழுவதையும் அதால் நிரப்பாதீர்கள், பி.எச். ஏறிக் கீரைக்கு இரும்புச் சத்து கிடைக்காமல் போகும். படுக்கைக்குக் கருங்கல் ஜல்லி போடுங்கள். பி.எச். 7லிருந்து 7.5 வரை இருந்தால் கிரேஃபிஷ், கீரை, நடுவில் கழிவை உரமாக்கும் பாக்டீரியா மூன்றுக்கும் பொது. குழாய்த் தண்ணீர் சேர்த்தால் முதலில் ஆன்டி-குளோரின் போட்டு விடுங்கள்.

செம்பனைக் காட்டுப் பரிட் (வடிகால்) தண்ணீரை மட்டும் எடுக்கவே வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டார்கள், ஆனால் புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கிற மற்ற மருந்துகள் மழையில் அந்தப் பரிட்டுக்குத்தான் வந்து சேரும்.

திலாப்பியாவோடு சேர்த்து ஒரே தொட்டியில் விடலாமா? மிதவைக் கீரையின் வேரையெல்லாம் வெட்டிவிடுகிறது. – கடை உரிமையாளர், கோல கங்சார்

சேர்த்து விடாதீர்கள். மென்மையாகக் கிடப்பதைத் திலாப்பியா கொத்தும், தூங்குகிற மீனைக் கிரேஃபிஷ் பிடிக்கும். மீன் தொட்டி, செடிப் படுக்கை, கடைசியில் கிரேஃபிஷ் தொட்டி என்று வரிசையாகத் தண்ணீர் ஓடட்டும். வேர் அதற்கு நல்ல உணவு, மிதவைக்கு அடியில் விட்டால் வெட்டத்தான் செய்யும். தண்ணீர் வந்து விழும் குழாய் வழியாகவே ஏறி வெளியேறப் பார்க்கும், ஏர் குழாயைப் பிடித்தும் ஏறும், ஆகவே எல்லாக் குழாய் வாய்க்கும் வலை கட்டி மூடியை இறுக்கமாகப் போடுங்கள்.

குஞ்சு வாங்கினால் ஆறு மாதத்தில் அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு விற்பனையாளர் சொன்னார். ஐயாயிரம் வெள்ளி கேட்கிறார். போடலாமா? – தொழிற்சாலைப் பணியாளர், சுங்கை சிப்புட்

போடாதீர்கள். திரும்ப வாங்குவதாகச் சொல்கிறவரிடம், போன வருடம் வாங்கியதை யாருக்கு விற்றார் என்று கேளுங்கள். சந்தைக்கோ உணவகத்துக்கோ விற்றிருந்தால் ரசீது காட்டுவார். புதிதாகச் சேர்கிறவருக்கே குஞ்சாக விற்கிறார் என்றால், ஆள் சேர்வது நிற்கும் நாளில் உங்கள் தொட்டியில் இருப்பதை வாங்க யாரும் இல்லை. பத்திருபது கிரேஃபிஷ் வாங்கி வீட்டுக்குக் கறி, அக்கம்பக்கத்துக்குக் கொஞ்சம் என்று ஆரம்பியுங்கள். வியாபாரமாகச் செய்ய நினைத்தால் காசைக் கொடுப்பதற்கு முன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் போய் விதிமுறையைக் கேளுங்கள்.

தொட்டி நிரம்பிவிட்டது. மிச்சத்தைச் சுங்கை பிளஸ் ஆற்றில் விட்டால் பாவம் பிழைத்துப் போகட்டுமே? – பள்ளி மாணவி, சுங்கை சிப்புட்

உங்கள் இரக்கம் புரிகிறது, ஆனால் விடவே கூடாது தங்கச்சி. அது பிழைத்துக்கொள்ளும், அதுதான் ஆபத்து. ஜொகூரில் இப்படி வெளியே போனது காட்டு நீர்நிலைகளில் பெருகி நிலைத்துவிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செடி, நத்தை, சின்ன மீன், முட்டை என்று எதையும் தின்னும், ஆற்றில் ஏற்கெனவே இருக்கிற இறாலோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டி போடும், புது நோயையும் ஒட்டுண்ணியையும் கொண்டுபோகும். ஒருமுறை ஆற்றில் இறங்கியதை யாராலும் திரும்பப் பிடித்துவர முடியாது. கால்வாயிலும் கொட்டாதீர்கள், மழை நாளில் ஈரத்தரையில் நடந்தே அடுத்த தண்ணீருக்குப் போய்ச் சேரும்.

ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள், பெருகாது. மிச்சத்தைச் சமைத்துவிடச் சொல்லுங்கள். ஐஸ் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்தால் மரத்துப்போகும், அதன் பிறகு கொதிக்கும் தண்ணீரில் போடலாம். நன்றாக வேக வேண்டும், அரைவேக்காடு ஆகாது. வாலை உரித்து, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை எடுத்துவிட்டு, இறால் சம்பல் செய்கிற மாதிரியே செய்யலாம். வீட்டில் யாருக்காவது இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதென்றால் இதுவும் ஒத்துக்கொள்ளாது, அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.