பியூய் தெ டோம் உச்சிக்கு ரயிலில் போவதா, நடந்து ஏறுவதா?

பிரான்சில் கிளெர்மோன்-ஃபெராண்ட் நகருக்கு மேற்கே உள்ள பியூய் தெ டோம் எரிமலைக்கு (1,465 மீட்டர்) அரை நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள். எப்படி ஏறுவது, மேலே எதைப் பார்ப்பது என்பது கேள்வி.

முழங்கால் ஒத்துழைத்தால் நடந்தே ஏறுங்கள். தெற்கே செய்சா கணவாயிலிருந்து புறப்படும் 'முயூலெத்தியே' பாதை, அதாவது கோவேறு கழுதைக்காரர் பாதை, ரோமானியர் காலத்துப் பக்தர்கள் ஏறிய தடத்தை ஒட்டியே போகிறது. ஏற்றம் சுமார் 390 மீட்டர். வளைந்து வளைந்து போகும், முக்கால் முதல் ஒரு மணி நேரம் ஆகும். மழை பெய்திருந்தால் கற்கள் வழுக்கும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் கால் சறுக்கும் என்பதால் பிடிமானமுள்ள காலணி அவசியம்.

பலர் சிக்கிக்கொள்வது ஓரிடத்தில். நடந்து ஏறி, 2012இல் தொடங்கிய பல்சக்கர ரயிலில் இறங்கினால், அது விடும் இடம் மலையின் வேறொரு பக்கம். கார் கணவாயிலேயே நிற்கும். இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள். தண்டவாளத்தை ஒட்டி நடந்து இறங்க அனுமதி இல்லை.

மேலே 1956இல் எழுந்த ஒலிபரப்புக் கோபுரம்தான் முதலில் கண்ணை இழுக்கும். அதன் அருகிலேயே ரோமானியத் தெய்வமான மெர்க்குரியின் கோயில் இடிபாடுகள். கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கோயில் இது; 1870களில் வானிலை ஆய்வகம் கட்டத் தோண்டியபோது வெளிப்பட்டது. சுவர்களில் ஒரு பகுதி இக்காலத்தில் மீண்டும் எழுப்பியது, எல்லாமே பழசு என்று நினைக்க வேண்டாம். கீழ்த் தளத்திலிருந்து படிப்படியாக மேலே வந்து பாருங்கள். பக்தர்களும் அப்படித்தான் வந்தார்கள், கோயிலின் அமைப்பு அப்போதுதான் புரியும். இங்கே கிடைத்த வெண்கலத் தகட்டில் தெய்வத்தின் பெயர் 'மெர்க்குரியுஸ் தூமியாஸ்' என்றிருக்கிறது. 'டோம்' என்ற பெயரும் இந்தத் 'தூமியாஸ்' என்பதோடு தொடர்புடையதே.

ஆங்கிலத்தில் அதே தெய்வத்தின் பெயர் கொண்ட பாதரசம்தான் (மெர்க்குரி) 1648 செப்டம்பர் 19 அன்று இந்த உச்சிக்கு வந்தது. பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய மைத்துனர் பெரியே கண்ணாடிக் குழாயோடு ஏறி, அதில் பாதரசம் நிற்கும் உயரத்தை அளந்தார். அடிவாரத்து அளவைவிடப் பாதரசம் சுமார் எட்டரை சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும் என்பது அன்று உறுதியானது. அந்தத் தரையில் நிற்கப்போகிறீர்கள், ஐந்து நிமிடமாவது நின்று நினைத்துப் பாருங்கள்.

எரிமலைவாய் மட்டும் இங்கே கிடையாது. இது கெட்டியான எரிமலைக் குழம்பு வழிந்தோடாமல் குவிந்து உறைந்த குவிமாடம். பள்ளத்தைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் வடக்குப் பக்கம் ஆட்டுப் பாதையில் இறங்கி பாரியூ மலைக்குப் போகலாம். அதற்கு அரை நாள் போதாது.

நகரத்தைவிட உச்சியில் ஆறேழு டிகிரி குறைவு, காற்றும் பலம். கோடையிலும் காற்றுத் தடுக்கும் மேலங்கி வேண்டும். கீழே மூடுபனி என்றதும் திட்டத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். சில நாட்களில் உச்சி மேகத்துக்கு மேலே வெயிலில் இருக்கும். புறப்படுமுன் உச்சிக் கேமராவை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.