கோட்டுக்குப் பட்டன், ஓரத்துக்கு நாடா: கேள்வி – பதில்

கேள்வி: கருநீலக் கோட்டில் பழைய பட்டன்களை எடுத்துவிட்டு உலோகப் பட்டன் தைத்தேன். துணி தொங்குகிறது, ஒரு பட்டன் துணியோடு பிய்ந்தே வந்துவிட்டது. காஜாவிலும் சிரமப்பட்டுத்தான் நுழைகிறது.

பதில்: எடை முழுவதும் நூல் ஏறிய நாலைந்து இழைகளில் விழுகிறது, அதனால்தான் கிழிந்தது. அந்த இடத்தின் உள்பக்கம் சிறு கேன்வாஸ் துண்டு வைத்துப் பலப்படுத்துங்கள். பிறகு பட்டனுக்கு நேர் பின்னால் தட்டையான குட்டிப் பட்டன் ஒன்றை வைத்து, இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். இழுவை அதில் பரவிவிடும்.

காஜா கதை வேறு. பட்டனை 'லைன்' கணக்கில் விற்பார்கள். 40 லைன் ஓர் அங்குலம். கோட்டின் முன்பக்கத்துக்கு 32 (சுமார் 20 மி.மீ.), கைக்கு 24 (சுமார் 15 மி.மீ.) என்பது வழக்கம். ஆனால் ஒரே 32-லேயே தட்டைப் பட்டனும் குமிழ்ப் பட்டனும் உண்டு. காஜாவின் நீளம் விட்டமும் கனமும் சேர்ந்தது. ஒரு காகிதக் கீற்றைப் பட்டனின் நடுவழியாகச் சுற்றி, முனை சேரும் இடத்தில் குறியிட்டு, அந்த நீளத்தைப் பாதியாக மடியுங்கள்: அதுதான் காஜா அளவு. வெட்டிய காஜாவை நீட்டுவது அசிங்கமாகத் தெரியும். பட்டனை மாற்றுவதே மேல்.

கேள்வி: காலர் ஓரத்தில் தைத்த அலங்கார நாடா இஸ்திரி போட்டதும் நெளிகிறதே?

பதில்: ஆவி பட்டதும் நாடா சுருங்கியிருக்கும், துணி சுருங்கவில்லை. தைக்கும் முன்பே நாடாவுக்கு ஆவி காட்டி ஆறவிடுங்கள். ஓரத்தை அளந்து பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். வளைவில் நாடாவை இழுத்துப் பிடித்துத் தைப்பதுதான் இன்னொரு தவறு. நெய்த ரிப்பன் வளையாது. பின்னல் நாடாதான் வளையும். அதன் உள்விளிம்பில் ஒரு நூலோட்டி லேசாகச் சுருக்கினால் படிந்து உட்காரும். ஜரிகை கலந்ததாக இருந்தால் மேலே பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில் மட்டும் தேயுங்கள்.

கேள்வி: மார்புப் பக்க மடிப்பில் (லேப்பல்) சாட்டின் வைத்த கருப்பு டின்னர் ஜாக்கெட்டுக்கு, அதாவது மாலை விருந்துக் கோட்டுக்கு, தங்க நிறப் பட்டன் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மடிப்பில் இருக்கும் சாட்டினையே பட்டனுக்கும் போர்த்தச் சொல்லுங்கள். மடிப்பு குரோகிரேனாக (மெல்லிய மேடு வரிகளோடு நெய்த துணி) இருந்தால் பட்டனுக்கும் அதே துணிதான்.