கைராசியா, மலைராசியா?

கேள்வி: போன சித்திரை லீவுக்கு லண்டனில் இருந்து வந்த பெரியப்பா மகன் ஒரு பெட்டி பூக்கிழங்கு கொண்டுவந்து தந்தார். டேலியா ஆறு, கிளாடியோலஸ் இருபது. ‘கோடை முடிவில் பூக்கும், ஓகஸ்ட் முதல் செப்டெம்பர் வரை’ என்று பெட்டியில் போட்டிருந்தது. பாதியை நான் வைத்துக்கொண்டு, பாதியைப் பண்டாரவளையில் கட்டிக்கொடுத்திருக்கும் தங்கச்சிக்குக் கொடுத்தேன். இரண்டு பேரும் மே முதல் கிழமையில் நட்டோம். ஓகஸ்டில் அவள் வாசல் முழுக்கப் பூ. நாளுக்கொரு போட்டோ அனுப்பினாள். எனக்கு டேலியா இரண்டு முளைத்து அழுகிவிட்டன, ஒன்று வரவே இல்லை. கிளாடியோலஸ் இலை மட்டும் வாள் மாதிரி வளர்ந்து, மஞ்சளாகிச் சாய்ந்தது. ஒரு பூ இல்லை. “உனக்குக் கைராசி இல்லை” என்கிறார் மாமியார். இனி என்ன செய்வது? மண்ணுக்குள் கிடப்பதைத் தோண்டி எறிந்துவிடவா?
ஓர் ஆசிரியை, மஸ்கெலியா பக்கம்

பதில்:

டீச்சர், எறிந்துவிடாதீர்கள். முதலில் மாமியார் விசயத்தை முடித்துக்கொள்வோம். ஒரே பெட்டி, ஒரே கிழமை, கூடப் பிறந்த இரண்டு பேர். இதில் கை எங்கே வந்தது? உங்களுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் ஒரு மலை நிற்கிறது, அதைத்தான் கேட்க வேண்டும்.

ஜூன், ஜூலையில் ஹட்டனில் ரயில் ஏறிப் பண்டாரவளைக்குப் போயிருப்பீர்கள். பட்டிப்பொல வரைக்கும் ஜன்னலைத் திறக்க முடியாத தூறல். அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து ஒஹிய பக்கம் வெளியே வந்தால் பளீர் என்று வெயில். தென்மேற்குக் காற்று சுமந்துவரும் தண்ணீரையெல்லாம் உங்கள் பக்கத்துச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வெறும் காற்றாகத் தங்கச்சி இருக்கிற ஊவாவுக்குள் இறங்குகிறது. ஹட்டனுக்குப் பக்கத்து வட்டவளையில் வருசத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அதில் பெரும் பங்கு நீங்கள் கிழங்கு நட்ட பிறகு வருகிற மாதங்களில்தான். அதே மாதங்களில் பண்டாரவளையில் செடிக்கு வாளியில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்குப் படம் போட்டு நீங்களே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது அந்தப் பெட்டி. அதில் எழுதியிருந்த ‘ஓகஸ்ட்’ கிழங்குக்குள் இருக்கிற கணக்கு இல்லை. அங்கே உறைபனி விட்டு மண் சூடாவதற்கு மே மாதம் ஆகிறது. அப்போது நட்டு, டேலியா பூக்க எடுக்கிற சுமார் 90 நாளைக் கூட்டிப் பாருங்கள், ஓகஸ்ட் வரும். நமக்கு உறைபனிக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. மழைக்குத்தான் காத்திருக்க வேண்டும். அதனால் கணக்கை மழையிலிருந்து போடுங்கள்: உங்கள் ஊரில் மழை ஓய்ந்து வெயில் அடிக்கத் தொடங்குகிற மாதம் எது? நடுகிற மாதம் அதுதான்.

இனி உங்கள் கிழங்குகளுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். டேலியா மெக்ஸிக்கோ மலைநாட்டுப் பூ. 1963இல் இருந்து அந்த நாட்டின் தேசியப் பூவும் அதுதான். மழை அதற்குப் பழக்கம். ஆனால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிற சரிவில்தான் பழக்கம். நட்ட புதிதில் கிழங்குக்கு வேரும் இல்லை, இலையும் இல்லை. சுற்றியிருக்கிற தண்ணீரை என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. மண்ணில் காற்றும் இல்லாமல் போனால் பூஞ்சணம் உள்ளே புகுந்துவிடும். முளை மண்ணுக்கு மேல் தலைகாட்டும் வரை டேலியாவுக்குத் தண்ணீரே ஊற்றக் கூடாது என்பது நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிற விதி. உங்களுக்கு வானமே ஊற்றிவிட்டது. பாத்தி எங்கே போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தகரத் தாவாரத்துக்குக் கீழே, கானுக்குப் பக்கத்தில் என்றால் மீதிக் காரணமும் அங்கேயே இருக்கிறது.

முளைக்காத மூன்றாவது கிழங்கின் கதை வேறாக இருக்கலாம். உருளைக்கிழங்கு போட்டுப் பழகிய கை நம் கை. அதைத் துண்டு போட்டால் கண் இருக்கிற துண்டெல்லாம் முளைக்கும். டேலியாவில் அந்தக் கணக்கு செல்லாது. அதன் உடம்பில் எங்கே தடவினாலும் கண் கிடையாது. பழைய தண்டோடு கிழங்கு சேருகிற கழுத்தில் மட்டும்தான் உண்டு, அதுவும் குண்டூசித் தலை அளவில். பெட்டியில் வந்த வழியில் கழுத்து ஒடிந்திருந்தால், கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் சரி, வேர் விட்டுக்கொண்டு மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும், முளை மட்டும் வராது. கடையில் வாங்கும்போது நான் கிழங்கின் பருமனைப் பார்ப்பதில்லை, கழுத்தைத்தான் பார்ப்பேன்.

கிளாடியோலஸ் பூக்காததற்கு அழுகல் காரணமில்லை, வெளிச்சம்தான். மூன்று நான்கு இலை விடுகிற பருவத்தில் அது உள்ளுக்குள் பூத்தண்டைத் தயார்செய்கிறது. அந்த நேரத்தில் வெளிச்சம் போதாவிட்டால் பூவை அப்படியே கைவிட்டுவிட்டு இலையை மட்டும் வளர்க்கும். மே முதல் கிழமையில் நட்டீர்கள், ஜூனில் நாலாவது இலை. மஸ்கெலியாவில் ஜூன் மாதம் எத்தனை நாள் சூரியனைப் பார்த்தீர்கள்?

ஆனால் இலை வளர்ந்ததே, அது வீணாகவில்லை. இப்போது போய் மண் கிளறுகிற முள்ளால் பக்கத்தில் குத்தி மெதுவாகக் கிளப்பிப் பாருங்கள். நீங்கள் நட்ட கிழங்கு வற்றிப்போய், பழைய செப்புச் சல்லி மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் தலையில் புதுக் கிழங்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையில் மிளகு மிளகாகக் குஞ்சுக் கிழங்குகள். இலையை ஒரு அங்குலம் விட்டு வெட்டிவிட்டு, காற்றாட இரண்டு மூன்று கிழமை காயவிடுங்கள். பிறகு அடிச்சல்லியை விரலால் நெம்பினால் தானாகவே கழன்று வரும். அதை எறிந்துவிடலாம். புதுக் கிழங்கைக் கடதாசிப் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் மரக்கறி வைக்கிற கீழ்த் தட்டில் இரண்டு மாதம் வையுங்கள். அந்தக் குளிர் பட்டால்தான் தூக்கம் கலைந்து ஒன்றாக முளைக்கும். மேலே ஐஸ் தட்டில் வைத்தால் செத்துப்போகும். பொலிதீன் ஷொப்பிங் பையில் கட்டிவைப்பதும் வேண்டாம். நான் ஒருமுறை அப்படிக் கட்டிவைத்து, திறந்து பார்த்தபோது பச்சைப் பூஞ்சணத்தில் கிழங்கைத் தேட வேண்டியிருந்தது. மிளகுக் குஞ்சுகளைத் தனியாக ஒரு தொட்டியில் தூவிவிடுங்கள். அவை பூக்க இரண்டு மூன்று வருசம் ஆகும். பொறுமை இருந்தால் மட்டும்.

நடுகிற நாளுக்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். தைப்பொங்கலில் இருந்து சித்திரை வருசப் பிறப்புக்கு எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய 90 நாள். மஸ்கெலியா, ஹட்டன், தலவாக்கலை பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஓரளவு நல்ல வெயில். பொங்கலை ஒட்டி டேலியாவை மண்ணில் வைத்தால் வருசப் பிறப்புக்கு வாசலில் பூ நிற்கும், மே கடைசியில் பெருமழை பிடிக்கும் வரை பறிக்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. பகல் 12 மணித்தியாலத்துக்குக் குறைந்தால் டேலியா பூவை விட்டுவிட்டுக் கிழங்கைப் பெருக்கப் போய்விடும், பூத்தாலும் இதழ் குறைந்து நடுமஞ்சள் தெரியும். நம் நாட்டில் மார்கழியில் பகல் பதினொன்றே முக்கால் மணித்தியாலம்தான். மார்ச்சுக்குப் பிறகு மொட்டு வந்தால் நிறைந்த பூவாக வரும். கிளாடியோலஸ் 75 முதல் 100 நாள் எடுக்கும், குளிர் கூடினால் நாளும் கூடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல் இரண்டு கிழமைக்கு ஐந்தாக நடுங்கள். நுவரெலியா வாசகர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஜனவரி, பெப்ரவரியில் பள்ளத்துப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், தொட்டியில் முளைக்கவைத்து, பெப்ரவரி கடைசியில் வெளியே இறக்குங்கள்.

பாத்தியை லீக்ஸுக்குப் போடுகிற மாதிரி ஓர் அடி உயர்த்துங்கள், சுற்றிக் கான் வெட்டுங்கள். தேயிலை மண் புளிப்பு மண், டேலியாவுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. நடுவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் ஒரு சதுர யாருக்கு ஒரு கை டொலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கொத்திவிடுங்கள். மக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் போதும். யூரியா போட்டால் ஆளுயரத்துக்கு இலைதான் வரும். டேலியா இரண்டு அடிக்கு ஒன்று, மேலே நாலு அங்குல மண். கிளாடியோலஸ் ஐந்து அங்குல ஆழம், ஆறு அங்குல இடைவெளி. ஊன்றுகோலை நடுகிற அன்றைக்கே குத்திவிடுங்கள். செடி சாய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்து, நான் கம்பை நேராகக் கிழங்கின் நெஞ்சிலேயே இறக்கியிருக்கிறேன். டேலியா மூன்று நான்கு சோடி இலை விட்டதும் நடுக்கொழுந்தைக் கிள்ள வேண்டும். கொழுந்து கிள்ளுகிற ஊரில் இதற்கு விளக்கம் எதற்கு? இளங்குருத்துக்கு நத்தைதான் முதல் எதிரி. இரவு எட்டு மணிக்கு டோர்ச் எடுத்துக்கொண்டு போனால் கையாலேயே பொறுக்கிவிடலாம்.

ஓகஸ்டிலும் வாசல் வெறுமையாக இருக்கக் கூடாது என்றால், மழையை விரும்புகிற கிழங்குகளை வையுங்கள். பீலிக்கரையில் வெள்ளைக் கூம்பு மாதிரி பூக்கிற ஆரம் லில்லி ஈரத்திலேயே சுகமாக வாழும். அதன் சாறு வாயில் பட்டால் எரியும், சின்னப் பிள்ளைகள் கவனம். கல்வாழைக்கு எந்தப் புகாரும் கிடையாது. இஞ்சி மாதிரி இலையோடு, பொழுது சாய்ந்தால் மணக்கிற வெள்ளைப் பூச் செடியும் நல்லது. ஆனால் வெட்டிய கிழங்கை ஆற்றோரம் கொட்டாதீர்கள், பிறகு அடக்க முடியாது.

பெரியப்பா மகனிடம் ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் கிழங்கைப் பயணப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது. அனுமதி எடுத்து, கட்டுநாயக்க விமான நிலையத்தில் காட்டித்தான் கொண்டுவரலாம். ஒரு கிழங்கோடு வருகிற நோய் நம் உருளைக்கிழங்குக் காரர்கள் எல்லோரையும் வாட்டிவிடும். அடுத்த முறை சொக்லெட் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இனி வெளிநாட்டுக் கிழங்கு தேவையும் இல்லை. தங்கச்சிக்கு இன்றைக்கே போன் போடுங்கள். அவள் பக்கத்துக்குக் கார்த்திகை, மார்கழியில்தான் அடைமழை. ஓகஸ்டில் பூத்த டேலியாவை அப்படியே மண்ணில் விட்டுவைத்திருந்தால் உங்களுடையதுக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, குலையோடு கிளப்பச் சொல்லுங்கள். ஒரு கிழங்கு நட்ட இடத்தில் ஐந்தாறு இருக்கும். மண்ணைச் சுத்தமாகக் கழுவி, கழுத்தும் கண்ணும் ஒவ்வொன்றிலும் வருகிற மாதிரி பிளந்து, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, நிழலில் உலர்த்தி, தும்புத்தூளில் புதைத்து வைக்க வேண்டும். அதில் பாதியை ஒரு கடதாசிப் பெட்டியில் போட்டு ஹட்டன் ரயிலில் வரும் யாரிடமாவது கொடுத்துவிடட்டும். பொங்கலுக்கு நீங்கள் நடுங்கள். மே மழைக்கு முன் கிளப்பிப் பாதியை அவளுக்குத் திருப்பி அனுப்புங்கள். வருகிற பெட்டியைப் பிரிக்கும்போது மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து, கழுத்தில் கண் எங்கே இருக்கிறது என்று அவரையே தேடச் சொல்லுங்கள். சாளேஸ்வரக் கண்ணாடி தேவைப்படும்.