வகுப்பில் கேட்டதும் கழுத்தில் தட்டுப்பட்டதும்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பள்ளியில் புற்றுநோய் விழிப்புணர்வு வகுப்பு நடந்ததிலிருந்து தினமும் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள். தாடைக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்படுகிறது. ஒரு பக்க மார்பு பெரிதாக இருக்கிறதே, செல்போனால் புற்றுநோய் வருமா என்றெல்லாம் கேட்கிறாள். வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் கொடுத்தேன். என் அக்கா கருப்பைவாய்ப் புற்றுநோயில் இறந்தவர். அது அவளுக்குத் தெரியாது. இந்த வயதில் இதையெல்லாம் சொல்லித்தரத்தான் வேண்டுமா?

பதில்: அக்காவைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய் பரம்பரையாக இறங்கிவருகிற நோயில்லை. அந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும், ஹெச்பிவி என்ற வைரஸ் உடம்பில் பல ஆண்டுகள் தங்கிவிட்டதால்தான் அது வந்திருக்கிறது. அந்த வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது மிக நல்லது. உங்கள் அக்கா பள்ளியில் படித்தபோது இந்த ஊசியே கிடையாது, 2006-இல்தான் வந்தது. 15 வயதுக்குள் 90 சதவீதப் பெண்பிள்ளைகளுக்கு இதைப் போட்டுவிட வேண்டும் என்பது 2030-க்குள் எட்ட உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. இதை உயர்நிலைப் பள்ளியில் சொல்லாமல் வேறு எப்போது சொல்வது?

சரி, கட்டிக்கு வருவோம். நீங்கள் சொல்வது நெறி கட்டியதுபோல் இருக்கிறது. தொண்டைப் புண், சொத்தைப் பல், பேன் கடித்துச் சொறிந்த புண், பெரிய பரு என்று எது இருந்தாலும் தாடைக்குக் கீழே நெறி கட்டும். பட்டாணி அளவில் இருக்கும், தொட்டால் வலிக்கும், விரலுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு நகரும். மூன்று நான்கு வாரத்தில் வற்றிவிடும்.

நான் கவலைப்படுகிற கட்டி வேறு மாதிரி. அது வலிக்காது. ரப்பரை அழுத்துவதுபோல் கெட்டியாக இருக்கும், வாரத்துக்கு வாரம் பெரிதாகும். கூடவே விட்டுவிட்டுக் காய்ச்சல், படுக்கை நனைகிற அளவுக்கு இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். காறை எலும்புக்கு மேலே கட்டி என்றால் நான்கு வாரமெல்லாம் காத்திருக்கவே வேண்டாம்.

அந்த ஆன்டிபயாடிக் விஷயம் எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. யாருக்கோ, எதற்கோ எழுதிக் கொடுத்த மாத்திரையில் மிச்சத்தை மூன்று நாள் கொடுத்து என்ன ஆகப்போகிறது? அடுத்து யாராவது ஸ்டீராய்டு கொடுக்கச் சொன்னால் கேட்டுவிடாதீர்கள். நெறியிலேயே வருகிற நிணநீர்ப் புற்றுநோயாக இருந்தால் ஸ்டீராய்டு கட்டியைச் சில நாள் சுருக்கிவிடும். குணமாகிவிட்டது என்று நினைப்பீர்கள். அப்புறம் சதை எடுத்துப் பரிசோதித்தாலும் முடிவு தெளிவாக வராமல் போகலாம்.

செல்போன் பயத்தை விட்டுத்தள்ளுங்கள். வளர்கிற வயதில் ஒரு பக்க மார்பு முந்திக்கொள்வது சகஜம்.

பள்ளியில் வகுப்பு எடுத்தது சரி. அறிகுறிகளை மட்டும் சொல்லி, எத்தனை நாள் பார்க்கலாம் என்பதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். பிள்ளைகள் பயப்படுவது அதனால்தான். முழங்காலுக்குச் சற்று மேலே வலி என்று ஒரு பையனை என்னிடம் அழைத்துவந்தார்கள். விளையாட்டில் பட்ட அடி என்று மூன்று மாதம் தைலம் தேய்த்திருக்கிறார்கள். "ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலியா?" என்று கேட்டேன். ஆமாம் என்றான். எலும்புப் புற்றுநோய். ஓய்வெடுத்தும் வாரக்கணக்கில் குறையாத, தூக்கத்தைக் கெடுக்கிற வலியை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவன் வகுப்பில் ஒருவர் சொல்லியிருந்தால் அவன் முதல் மாதமே வந்திருப்பான்.

இன்றைய தேதியைக் காலண்டரில் மகளையே குறிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும். நான்கு வாரத்தில் வற்றவில்லை என்றாலோ, நடுவில் பெரிதானாலோ நேரில் காட்டுங்கள். தடுப்பூசிக்கு இந்த வாரமே கேளுங்கள். ஊசி போட அழைத்துப் போகும்போது பெரியம்மாவைப் பற்றி அவளிடம் சொல்லிவிடுங்கள்.