கேமை விட்டபின் வரும் எரிச்சல்: வாசகர் கேள்விகள்

கே: கேமை விட்டு நாலு நாளாகிறது. எதற்கெடுத்தாலும் எரிச்சல், தூக்கமும் இல்லை. எப்போது சரியாகும்?

ப: பெரும்பாலும் முதல் ஒரு வாரம்தான் படுத்தும். பதற்றம், சலிப்பு, கண்ணை மூடினால் ஆட்டம் ஓடுவது எல்லாம் இதில் சேர்ந்ததுதான். குடியைத் திடீரென்று விடுபவருக்கு வலிப்பு வரலாம். அந்த மாதிரி உடல் ஆபத்து இதில் கிடையாது. முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள், படுக்கைக்குப் போன் வரக்கூடாது. இரண்டு மூன்று வாரம் கழித்தும் மனம் தெளியவில்லை என்றால், கேம் இதுவரை மூடிவைத்திருந்த மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

கே: போனைப் பிடுங்கினால் மகன் கதவை உதைக்கிறான். அடிமையாகிவிட்டானா?

ப: வயது என்ன, பள்ளிக்குப் போகிறானா, தூங்குகிறானா, ஒன்றுமே எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? ஆட்டத்தின் நடுவே பிடுங்கினால் யாருக்கும் கோபம் வரும். விலகல் அறிகுறி என்பது விட்டபின் நாள்கணக்கில் நீடிக்கும் எரிச்சல், பதற்றம் போன்றவை. கட்டுப்பாடு போய், மற்றதெல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் தெரிந்தும் பொதுவாக ஓராண்டு தொடர்ந்தால்தான் உலகச் சுகாதார நிறுவனம் அதைக் கோளாறு என்கிறது. முன்கூட்டியே சொல்லிவைத்து, கையிலிருக்கும் ஆட்டம் முடிந்ததும் போனை வாங்குங்கள்.

கே: எனக்கு விலகல் அறிகுறியே இல்லை. அப்படியானால் கோளாறும் இல்லைதானே?

ப: அப்படி முடிவுகட்ட முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான, 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 சொல்லும் 9 அடையாளங்களில் அது ஒன்று. 5 இருந்தாலே போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான, 2022 முதல் நடப்பிலுள்ள ஐசிடி-11 அதைக் கட்டாயமாகக் கேட்பதே இல்லை.

கே: விளையாடுவதை அடியோடு விட்டுவிட்டேன். இப்போது மற்றவர்கள் ஆடும் ஸ்ட்ரீமிங் மட்டும், ராத்திரி ஒரு 4 மணி நேரம். முன்னேற்றம்தானே?

ப: இல்லை. இதே கேள்வியை யாராவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அதே கேம், அதே ராத்திரி, கை மட்டும் சும்மா இருக்கிறது. யார் ஜெயித்தார், என்ன அப்டேட் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் ஆசை எப்படி அடங்கும்? 'ஒரே ஒரு மேட்ச்' என்று ஒருநாள் உள்ளே போய்விடுவீர்கள். இன்னும் சிலர் கம்ப்யூட்டரை விற்றுவிட்டு மொபைல் கேமுக்குத் தாவுகிறார்கள். கேட்டால் 'ஆடாமல் 40 நாள்' என்று பெருமை வேறு! நாளையும் நேரத்தையும் எண்ணாதீர்கள். கேம் இருந்த இடத்தில் இப்போது என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். லெவல் ஏறும் திருப்திக்காக ஆடியவருக்கு, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும் உடற்பயிற்சியோ இசைக்கருவியோ சரிவரும். நண்பர்களுக்காக ஆடியவரைத் தனியாக உட்கார்ந்து படி என்றால் மூன்றாம் நாள் திரும்பிவிடுவார். அவருக்கு ஆட்கள் வேண்டும், மைதானத்துக்குப் போகட்டும். கவலையை மறக்க ஆடியவருக்கு எந்த மாற்றும் போதாது, அந்தக் கவலையை ஆலோசகரிடம் பேசித்தான் ஆகவேண்டும். அப்புறம், மறுபடியும் சொல்கிறேன், தூக்கம்.

கே: மாத்திரை உண்டா?

ப: இதற்கென்று அங்கீகரிக்கப்பட்டது எதுவும் இல்லை. கூடவே மனச்சோர்வோ ஏடிஹெச்டியோ (கவனம் நிலைக்காமல் துடிதுடிப்பாக இருக்கும் கோளாறு) இருந்தால் அதற்கு உண்டு.

கே: கேமுக்குப் பதிலாக, கொஞ்சம் பணம் கட்டி ஆன்லைனில் சீட்டாடலாமா?

ப: வேண்டாம். லூட் பாக்ஸில் (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமலே கேமுக்குள் வாங்கும் பெட்டி) காசு விட்டுப் பழகியவர் என்றால் வேண்டவே வேண்டாம்.

கே: அக்கவுண்டை அழித்தால் செத்துவிடுவேன் என்கிறாள் மகள். சும்மா மிரட்டலா?

ப: மிரட்டல் என்று விட்டுவிடாதீர்கள். அக்கவுண்ட் அப்படியே இருக்கட்டும். அவளைத் தனியாக விடாமல், இன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எத்தனை மணி நேரம் ஆடுகிறாள் என்ற பேச்சையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.